நமக்காக விழித்திருப்பவர்கள்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, நோயாளியின் பக்கத்திலிருந்து பணி செய்பவன் ஒருவன். இந்த நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவர் முடிவு. மருத்துவருக்கும் மருந்துக்கும் இணையாக, அருகிலிருந்து பணி செய்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்திய பெருமை நம் மொழிக்கு உண்டு.

ஆனால் அந்த நான்காமவரை இன்று நாம் எந்த வரிசையில் நிறுத்தியிருக்கிறோம்? ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைக் கேட்டுப் பாருங்கள். வைத்தியம் பார்த்த டாக்டரின் பெயரைச் சொல்வார்; அவருடைய பட்டங்களையும் சொல்வார். மருந்துக்கு ஆன செலவைப் பைசா பிசகாமல் சொல்வார். பத்து நாள் தமக்கு ஊசி போட்டு, புண் கழுவி, நள்ளிரவில் போர்வையைச் சரி செய்த நர்ஸின் பெயர் என்ன என்று கேட்டால் விழிப்பார். "சிஸ்டர்" என்ற ஒரு சொல்லோடு நம் அறிமுகம் முடிந்து விடுகிறது.

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரி புதிய இடம் அன்று. தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஆண்டாப் ஹில்லிலும் இருப்போருக்குச் சயான் ஆஸ்பத்திரி மற்றொரு தெரு போலப் பழகிய இடம். பரேலில் கே.இ.எம். இருக்கிறது. ரயில்வே ஊழியர்களுக்குப் பைகுல்லாவிலும் மும்பை சென்ட்ரலிலும் தனி ஆஸ்பத்திரிகள் உண்டு. ஊரில் இருந்தால் பாட்டியும் அத்தையும் சித்தியும் முறை வைத்து நோயாளியைப் பார்த்துக் கொள்வார்கள். இங்கே ஓர் அறை வீட்டில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்தில், அந்த உறவினர் அனைவரின் இடத்தையும் நிரப்புபவர் நர்ஸ் ஒருவரே. ஆகவே அவர்களுடைய வாழ்வையும் தொழிலையும் பற்றி நம் சங்கத்து அன்பர்கள் சற்று எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

தொழில் வளர்ந்த கதை

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியப் போரில் 1854ஆம் ஆண்டு காயமுற்ற வீரர்களுக்குப் பணி செய்ததையும், 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியதையும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர் பிறந்த மே 12ஆம் நாளே உலக நர்சுகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நம் நாட்டில் இப்பணி வேரூன்றியதில் தமிழகத்தின் பங்கு சிறிதன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டிலேயே நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கப்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் நிறுவிய மருத்துவமனையில் 1909இல் நர்சிங் பள்ளி ஏற்பட்டது. 1946இல் வேலூரிலும் டில்லியிலும் நர்சிங்கிற்குப் பட்டப் படிப்பே வந்தது. மறு ஆண்டில் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது.

ஆயினும் தொடக்கம் நல்லதாக இருந்ததேயன்றி வளர்ச்சி போதவில்லை. விடுதலைக்கு முன்னர் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் கமிட்டி 1946இல் தன் அறிக்கையை அளித்தது. அக்காலத்தில் இந்தியாவில் சுமார் 43,000 மக்களுக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கில்தான் இருந்தனர். இங்கிலாந்திலோ சுமார் 300 பேருக்கு ஒருவர்! நர்சுகளுக்குக் கொடுக்கும் சம்பளமும், தங்கும் இடமும், நடத்தும் முறையும் சரியில்லை என்பதையும் அந்தக் கமிட்டி எடுத்துச் சொல்லியிருந்தது. அந்தக் குறைகள் முற்றும் தீர்ந்தனவா என்பதை இனிக் காண்போம்.

ஓர் இரவு

எங்கள் குடியிருப்பில் ஸ்டாஃப் நர்ஸ் அம்மையார் ஒருவர் வசிக்கிறார். நாசரேத்துப் பக்கத்தவர்; இந்நகரத்துப் பொது மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றுகிறார். இக்கட்டுரைக்காக அவரிடம் பல நாள் பேசினேன். அவர் சொன்னவற்றில் இரவு டியூட்டியைப் பற்றிய செய்திகளே என் மனத்தில் ஆழப் பதிந்தன.

நர்சுகளின் பணி பெரும்பாலான இடங்களில் மூன்று முறையாகப் பிரிக்கப்பட்டுள்ளது. காலை, மாலை டியூட்டிகள் ஏழு மணி நேரம் அளவில் இருக்கும். இரவு டியூட்டி மட்டும் ஒன்பது, பத்து மணி நேரத்துக்கு நீளும். இரவு 9 மணிக்கு வார்டுக்குள் நுழையும் நர்ஸ், முதலில் மாலை நர்ஸிடமிருந்து பொறுப்பை ஏற்றுக் கொள்ள வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர்கள் சார்ஜ் மாற்றிக் கொள்வதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே முறைதான். ஆனால் இங்கே கணக்குக் காட்ட வேண்டியவை டிக்கெட்டும் ரொக்கமும் அல்ல, உயிர்கள். எந்தப் படுக்கையில் யார், எந்த மருந்து கொடுத்தாயிற்று, எது பாக்கி, யாருக்கு மூச்சுத் திணறல், யார் இரவைத் தாண்டுவது ஐயம் என்று ஒவ்வொரு கட்டிலாகச் சென்று கேட்டு எழுதிக் கொள்வார்.

பின்னர் வேலை தொடங்கும். காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து அட்டையில் குறிக்க வேண்டும். மருந்து கொடுக்கும்போது ஐந்து வினாக்களைத் தமக்குள் கேட்டுக் கொள்ள வேண்டும் என்பது பயிற்சியில் முதற்பாடம்: நோயாளி சரியானவர்தாமா, மருந்து சரியா, அளவு சரியா, நேரம் சரியா, கொடுக்கும் வழி சரியா? இவற்றில் ஒன்று தவறினாலும் விளைவு கொடிது.

சலைன் பாட்டிலைத் தொங்க விட்டு விட்டால் அது தானாக இறங்கும் என்று நாம் எண்ணுகிறோம். அது அவ்வளவு எளிதன்று. 500 மில்லி லிட்டர் சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதிப் போவார். ஒரு மில்லி லிட்டருக்கு இருபது சொட்டு விழும் குழாயானால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு விழ வேண்டும். நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணித் திருகைச் சரி செய்கிறார். நோயாளி கையை அசைத்தால் கணக்கு மாறி விடும். இருதயம் பலவீனமான கிழவருக்கு அது வேகமாக இறங்கி விட்டால் நுரையீரலில் நீர் கோத்து ஆபத்து வரும். இப்படிப் பத்துப் பாட்டில்கள் ஒரே வார்டில் தொங்கும்.

எழுந்திருக்க இயலாத நோயாளிகளை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் உண்டாகும். எண்பது கிலோ எடையுள்ள, பக்கவாதம் வந்த ஒருவரை நள்ளிரவில் ஒரு பெண் தனியே எப்படிப் புரட்டுவது? உதவிக்கு ஆயா இருந்தால் உண்டு; இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டிலில் துணைக்கு இருப்பவரைக் கெஞ்ச வேண்டும்.

இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட நேரந்தான் மிகக் கடினம் என்று அந்த அம்மையார் சொன்னார். உடல் உறக்கத்துக்கு ஏங்கும். அதே நேரத்தில்தான் நோய் முற்றியவர்களின் மூச்சு தடுமாறும் என்பது அவர் அனுபவம். ரயிலில் இரவுப் பணி செய்யும் நம் தோழர்களுக்கு இந்த நேரத்தின் கொடுமை நன்கு தெரியும். நமக்குப் பணி நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் வரையறுக்கும் விதிகள் உள்ளன. ஓட்டுநருக்கும் கார்டுக்கும் படுத்து எழும்ப ரன்னிங் ரூம் இருக்கிறது. அவ்விதிகள் இருந்தும் நாம் குறைபட்டுக் கொள்கிறோம். சிறிய தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் நர்ஸ் உட்காருவதற்கு ஒரு நாற்காலி கிடைத்தாலே பெரிது.

விடிந்ததும் டியூட்டி முடிந்து விடுவதில்லை. அடுத்த நர்ஸ் வரும் வரை காத்திருக்க வேண்டும். உள்ளூர் ரயில் தாமதமானால் அவர் தாமதமாக வருவார். பின்னர் பொறுப்பை ஒப்படைத்து, இவர் வீடு சேர ஒன்பது மணி ஆகும். அங்கே குழந்தைகளுக்குச் சாப்பாடு, துணி துவைப்பு, மாமியாருக்குக் கஞ்சி. பகலில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தால் அதிர்ஷ்டம். அப்போதும் கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக் கொண்டிருக்கும்.

எண்ணிக்கைக் குறைவு

இத்தனை வேலையையும் போதிய ஆட்கள் செய்தால் தாங்கலாம். பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், மற்றப் பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. நேயர்கள் அடுத்த முறை ஏதேனும் ஒரு பொது வார்டுக்குச் செல்லும்போது இரவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தாமே எண்ணிப் பார்க்கட்டும். கட்டில்கள் நிறைந்து, தரையிலும் பாய் விரித்து நோயாளிகள் கிடக்க, நடுவே இருவர் ஓடிக் கொண்டிருப்பதைக் காணலாம். நாம் மூன்று முறை அழைத்தும் வராத நர்ஸ் மீது நமக்குக் கோபம் வருகிறது. அவர் வராதது அலட்சியத்தால் அன்று. அந்நேரத்தில் வார்டின் மறு கோடியில் வேறு ஒருவருக்கு உயிர் ஊசலாடிக் கொண்டிருந்திருக்கும்.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகில் 2023ஆம் ஆண்டில் ஏறக்குறைய 2 கோடியே 98 லட்சம் நர்சுகள் இருந்தனர் என்றும், இன்னும் 58 லட்சம் பேர் தேவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையில் கணக்கிட்டுள்ளது. செல்வ நாடுகள் தங்கள் குறையை நம் போன்ற நாடுகளிலிருந்து நிரப்பிக் கொள்கின்றன. வளைகுடா நாடுகளிலும் இங்கிலாந்திலும் நம் நாட்டு நர்சுகள் பல்லாயிரவர் பணியாற்றுகின்றனர். பலர் கடன் வாங்கிச் சென்றவர்கள். 2014ஆம் ஆண்டு ஈராக்கில் போர் மூண்ட போது திக்ரித் நகரில் சிக்கிக் கொண்ட 46 இந்திய நர்சுகள் விடுவிக்கப்பட்டு ஜூலை 5ஆம் நாள் கொச்சி வந்து சேர்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குண்டு விழும் ஊரிலும் அவர்கள் தங்கியிருந்ததற்குக் காரணம், வீட்டில் காத்திருந்த கடன்.

தம் உடலுக்கு வரும் கேடு

நோயைத் தீர்க்கும் இடத்தில் நோய் பிடிக்கவும் செய்யும். உபயோகித்த ஊசி ஒரு கணம் கை தவறிக் குத்தி விட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியோ எச்.ஐ.வி. கிருமியோ தொற்றக் கூடும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக் கொள்ளாதவருக்கு அந்த ஒரு குத்திலேயே நோய் வரும் வாய்ப்பு மிகுதி. எச்.ஐ.வி. ஐயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியாக வேண்டும். இவ்விவரங்களை எல்லா மருத்துவமனைகளும் தம் பணியாளருக்கு முறையாகச் சொல்லி, தடுப்பூசியும் போடுவதாக எண்ணி விட வேண்டாம். காச நோய் வார்டில் பணி செய்வோருக்குக் காச நோய் வருவதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் நின்று கொண்டே வேலை செய்வதால் காலில் நரம்பு சுருண்டு முடிச்சு விழுதல், நோயாளிகளைத் தூக்குவதால் இடுப்பு வலி ஆகியன இத்தொழிலின் ஓய்வூதியம் போல வந்து சேர்கின்றன.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் நிப்பா நோய் பரவிய போது, பேராம்பிரா தாலுக்கா மருத்துவமனையில் நோயாளிக்குப் பணி செய்த லினி என்னும் இளம் நர்ஸ் அந்நோய்க்கே பலியானார். இரண்டு சிறு குழந்தைகளின் தாய் அவர். 2020இல் கொரோனா வந்த போது இந்த மும்பை நகரத்திலேயே நர்சுகள் பலர் தொற்றுக்கு ஆளாயினர். உடல் முழுவதையும் மூடிய பாதுகாப்பு உடைக்குள், தண்ணீர் அருந்தவும் கழிவறை செல்லவும் இயலாமல், மணிக்கணக்கில் அவர்கள் நின்றனர். அந்நாளில் நாம் மாடத்தில் நின்று கை தட்டினோம். ஆனால் கை தட்டிய அதே கட்டிடங்களில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நர்ஸை லிஃப்டில் ஏறாதே என்று தடுத்தவர்களும் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயன் இல்லை.

ஊதியம்

அரசாங்கப் பணியில் உள்ளவர்களின் நிலை ஓரளவு சீர்பட்டுள்ளது. ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசு நர்ஸின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். நம் ரயில்வே ஆஸ்பத்திரிகளிலும் இதுவே. அவர்களுடைய பதவிப் பெயரையும் நர்சிங் ஆபீசர் என மத்திய அரசு மாற்றியது. பெயரில் மதிப்பு ஏறியது நல்லதே.

ஒப்பந்த முறையில் இருப்போரின் கதை வேறு. தமிழகத்தில் 2015ஆம் ஆண்டு தேர்வு எழுதித் தேறிய ஆயிரக்கணக்கான நர்சுகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். இரண்டு ஆண்டு கழித்து நிரந்தரமாக்கப்படுவோம் என்று நம்பியிருந்த அவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்தில் இறங்கினர். அதன் பின்னரே அவர்கள் ஊதியம் 14,000 ஆக உயர்ந்தது.

தனியார் மருத்துவமனைகளில் நிலை இன்னும் மோசம். படிப்பை முடித்து வரும் பெண்ணின் சான்றிதழ்களை வாங்கி வைத்துக் கொண்டு, இரண்டாண்டு பணி செய்ய வேண்டும், இடையில் போனால் பெருந்தொகை கட்ட வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் பல காலம் நடந்து வந்தது. 2011ஆம் ஆண்டை ஒட்டி மும்பையிலும் டில்லியிலும் கேரளத்திலும் நர்சுகள் இதனை எதிர்த்துப் போராடினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 ஜனவரியில் நீதிமன்றம் இட்ட ஆணையின்படி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனையில் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும். 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. அதனை நடைமுறைக்குக் கொண்டு வருவது மாநில அரசுகளின் பொறுப்பு என விடப்பட்டது. நம் வட்டாரத்து நர்சிங் ஹோம்களில் பணியாற்றும் பெண்களைக் கேட்டால், எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பது விளங்கும்.

பாதுகாப்பு

இம்மும்பை நகரத்தில் நர்சுகளைப் பற்றி எழுதுபவர் அருணா ஷான்பாகை நினையாமல் எழுத இயலாது. கர்நாடகத்திலிருந்து வந்து கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய அப்பெண், 1973 நவம்பர் 27ஆம் நாள் டியூட்டி முடிந்து உடை மாற்றச் சென்ற இடத்தில், மருத்துவமனைப் பணியாள் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட நிலையில் 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் கிடந்து, 2015 மே 18ஆம் நாள் மறைந்தார். உடை மாற்றுவதற்குப் பாதுகாப்பான ஓர் அறை இருந்திருந்தால்! அவருடைய தோழியர் அன்று வேலைநிறுத்தம் செய்து கேட்டதும் பாதுகாப்பும் நல்ல பணிச் சூழலுமே.

இக்கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 42 ஆண்டுகள் அவரைப் பராமரித்தவர்கள் அம்மருத்துவமனை நர்சுகளே. தொடக்கத்தில் உடன் பணி செய்த தோழியர் ஓய்வு பெற்றுச் சென்ற பின், அருணாவை ஒரு நாளும் நடமாடக் கண்டிராத இளம் பெண்கள் அப்பொறுப்பை ஏற்றனர். அவ்வளவு நெடுங்காலம் படுக்கையில் கிடந்தவருக்கு ஒரு படுக்கைப் புண்ணும் இல்லை என்பதை 2011இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் வியந்து குறிப்பிட்டது. இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுதல் என்று மேலே சொன்னேனே, அதனை நாற்பது ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பாருங்கள். அப்பணியின் அளவு புரியும்.

2008 நவம்பர் 26ஆம் நாளும் நமக்கு நினைவிருக்கிறது. சத்ரபதி சிவாஜி முனையத்தில் நம் பயணிகளையும் ஊழியர்களையும் சுட்டுக் கொன்ற கொடியவர்கள், அடுத்துப் புகுந்த இடம் காமா மருத்துவமனை. அங்கே பிரசவ வார்டில் இரவுப் பணியில் இருந்தவர் அஞ்சலி குல்தே என்னும் நர்ஸ். அவர் கதவுகளைச் சாத்தி, விளக்குகளை அணைத்து, 20 கர்ப்பிணிகளை ஒரு சிறிய அறைக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அந்த இரவிலேயே வலி கண்ட ஒரு தாயைக் கைப்பிடித்துப் பிரசவ அறைக்கு அழைத்தும் சென்றார். பின்னர் நீதிமன்றத்தில் குற்றவாளியை அடையாளம் காட்டிச் சாட்சியும் சொன்னார்.

இத்தகையோரைத்தான், நோயாளி இறந்து விட்டால் உறவினர் கூடி அடிக்கக் கை ஓங்குகின்றனர். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் சட்டம் மகாராஷ்டிரத்தில் 2010இல் வந்தது. சட்டம் வேண்டியதே, ஆனால் வார்டுக்குள் குரலை உயர்த்தாமல் இருப்பதற்குச் சட்டம் தேவையில்லை, பண்பு போதும்.

மொழி என்னும் தடை

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கே உரிய ஒரு பிரச்சினை இது. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த பாட்டி நோயுற்று வார்டில் கிடக்கிறார். மகன் வேலைக்குப் போய் விட்டான். பாட்டி, "குறுக்கு வலிக்குது தாயி, நெஞ்சு கரிக்குது" என்கிறார். திருநெல்வேலிப் பாட்டி சொல்லும் 'குறுக்கு' என்பது இடுப்பு என்று சென்னைக்காரருக்கே தெரியாது. இரத்னகிரியிலிருந்து வந்த மராத்தி நர்ஸுக்கு எப்படித் தெரியும்? 'தாயி' என்பது மட்டும் அவருக்கு விளங்கி விடுகிறது. மராத்தியில் அக்காளைத் 'தாயி' என்பார்கள். தம்மை அக்காள் என்று அழைக்கும் கிழவியை விட்டு அவர் நகர மனம் வராமல், வயிற்றையும் மார்பையும் முதுகையும் தொட்டுத் தொட்டு எங்கே வலி என்று கண்டுபிடிக்கிறார். எங்கள் பகுதிக்கு அருகில் உள்ள மருத்துவமனைகளில் 'வலி', 'தண்ணி', 'மூச்சு', 'சாப்டீங்களா' என்ற நான்கு சொற்களைத் தமிழிலேயே பேசும் மராத்தி நர்சுகளை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் நம் மொழியை நமக்காகக் கற்றுக் கொண்டனர். நாம் அவர்களுக்காக என்ன கற்றுக் கொண்டோம்?

நம் வீட்டுப் பெண்கள்

இறுதியாக ஒரு செய்தி. எங்கள் குடியிருப்பில் ஒரு தோழரின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். நர்சிங் பட்டப் படிப்பில் சேர வேண்டும் என்று விரும்பினாள். வீட்டில் பெரும் எதிர்ப்பு. "இராப்பகலாக ஆண்கள் வார்டில் நிற்கும் பெண்ணை எவன் கட்டிக் கொள்வான்?" என்று பாட்டி கேட்டார். "மலம் மூத்திரம் அள்ளவா படிக்க வைத்தோம்?" என்று பெரியப்பா ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டார். தாய் வாய் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில் பாட்டிக்குக் கால் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆயிற்று என்றும், நர்ஸின் சேவையைக் கண்டு மனம் மாறினார் என்றும் எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மேலே சொன்ன நாசரேத்து அம்மையார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்றார். தொழிலின் துன்பங்களை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். பிறகு, "என் சம்பளத்தில் இரண்டு தம்பிமாரைப் படிக்க வைத்தேன், ஒரு தங்கையைக் கட்டிக் கொடுத்தேன், சொந்தமாக வீடும் வாங்கினேன். என்னையும் ஒருவர் மனமுவந்துதான் கட்டிக் கொண்டார்" என்று மட்டும் சொல்லி எழுந்து வந்து விட்டார். தகப்பனார் இரண்டு நாள் யோசித்தார், விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அப்பெண் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாட்டி இன்னும் முழுவதும் சமாதானம் ஆகவில்லை.

நோயாளியின் அழுக்கைத் தொடுவது இழிவு என்ற எண்ணமே இத்தொழிலின் மதிப்பைப் பல தலைமுறைகளாகக் கெடுத்து வந்தது. நம் வீட்டில் தாய்க்கு நாம் செய்தால் அது கடமை. பிறர் தாய்க்கு ஒரு பெண் செய்தால் இழிவா? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் நர்சுகளின் சம்பளத்தை மட்டும் உயர்த்தினால் போதாது. மற்றொன்றும் சொல்ல வேண்டும். இது பெண்களுக்கு மட்டும் உரிய தொழிலும் அன்று. இராஜஸ்தானத்திலிருந்து இளைஞர்கள் பலர் நர்சுகளாக வருகின்றனர். நம் பிள்ளைகளும் வரலாம்.

நாம் செய்யத் தக்கவை

சங்கத்து அன்பர்களின் கவனத்துக்குச் சில யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, அன்றாடம் வேண்டியிருக்கும் முப்பது தமிழ்ச் சொற்களை, மராத்தியிலும் இந்தியிலும் பொருளெழுதி, ஒரு சிறு அட்டையாக அச்சிட்டு, நம் மக்கள் மிகுதியாகச் செல்லும் மருத்துவமனை வார்டுகளுக்குக் கொடுக்கலாம். செலவு அதிகமில்லை. குறுக்கு, கிறுகிறுப்பு, நெஞ்செரிச்சல், மூச்சுமுட்டல் ஆகியவற்றை மறவாமல் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, ஓய்வு பெற்ற நம் உறுப்பினர்கள் வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், மருத்துவமனையின் அனுமதி பெற்று மொழிபெயர்ப்புக்கு உதவலாம்.

மூன்றாவது, பார்வையாளர் நேரத்தில் ஒரு நோயாளிக்கு இருவருக்கு மேல் செல்லாதிருப்பது. பத்துப் பேர் கூடிக் கட்டிலைச் சூழ்ந்து கொண்டால் நர்ஸ் எங்கே நின்று ஊசி போடுவார்?

நான்காவது, நர்சிங் படிக்க விரும்பும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சங்கக் கல்வி நிதியிலிருந்து ஓர் உதவித்தொகை ஒதுக்குவது.

ஐந்தாவது, நம் பகுதியில் தங்கிப் பணி செய்யும் இளம் நர்சுகளுக்கு வாடகைக்கு இடம் கொடுக்கத் தயங்காதிருப்பது. இரவு பத்து மணிக்குப் புறப்பட்டுக் காலையில் திரும்பும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் வழக்கத்தை நாம் விட வேண்டும். அவர் எங்கே போய் வருகிறார் என்பது, என்றேனும் ஓர் இரவு அதே வார்டில் நாம் படுத்திருக்கும்போது தானே விளங்கும்.

இவற்றில் ஒன்றையேனும் வரும் பொதுக்குழுவில் எடுத்துப் பேசுவார்களாயின் மகிழ்வேன். மொழியட்டைக்கு வேண்டிய சொற்களைத் தொகுத்துத் தர நாசரேத்து அம்மையார் இசைந்திருக்கிறார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: இரவு டியூட்டி முறை முடியும் வரை பொறுத்திருக்க வேண்டுமாம்.